ஆயிரம் தலை விழுந்தும் தோல்வியா? சாமுராய் வாரியர்ஸ் தொடருக்கு அறிகுறிவாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

கோயி நிறுவனத்தின் (இன்றைய கோயி டெக்மோ) ஒமேகா ஃபோர்ஸ் குழு 2004-ல் பிளேஸ்டேஷன் 2-வில் (பிஎஸ்2) தொடங்கிய வீடியோ கேம் தொடர் இது. ஜப்பானில் செங்கோகு முசோ, மற்ற நாடுகளில் சாமுராய் வாரியர்ஸ். கீழே சொல்வதெல்லாம் பெரும்பாலும் நான்காம் பாகத்துக்கும் (4, 4-2, 2024-ல் ஸ்டீம் என்னும் பிசி ஆட்டக் கடைக்கு வந்த 4 டிஎக்ஸ்) 2021-ல் வந்த ஐந்தாம் பாகத்துக்கும் பொருந்தும். பட்டன்களுக்கு பிளேஸ்டேஷன் பெயர்களே வரும். எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர் வைத்திருப்பவர்கள் சதுரத்தை எக்ஸ், முக்கோணத்தை ஒய், வட்டத்தை பி என்று மாற்றிப் படித்துக்கொள்ளலாம்.

உங்கள் சிக்கலுக்குரிய தலைப்புக்கு நேராகப் போங்கள். எது சிக்கல் என்றே தெரியாமல் தோற்றுக்கொண்டிருந்தால் முதல் தலைப்பிலிருந்து தொடங்குங்கள். பத்தில் எட்டுப் பேரின் வியாதி அதுதான்.

"கில் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டிவிட்டது, திடீரென்று தோல்வி என்று வருகிறது"

திரையின் ஓரத்தில் ஓடும் கில் எண்ணிக்கைக்கும் வெற்றிக்கும் சம்பந்தமில்லை. நீங்கள் ஆயிரம் சிப்பாய்களை வெட்டிக்கொண்டிருந்த நேரத்தில் வரைபடத்தின் மறுகோடியில் உங்கள் தளபதி தனியாக மாட்டிக்கொண்டு விழுந்திருப்பார். அவர் விழுந்தால் ஆட்டம் முடிந்தது.

சரிசெய்வது இப்படி. சண்டை தொடங்கியதும் பாஸ் பட்டனை அழுத்தி வெற்றி நிபந்தனை, தோல்வி நிபந்தனை இரண்டையும் படியுங்கள். வெற்றி நிபந்தனையை எல்லோரும் படிப்பார்கள். தோல்வி நிபந்தனையைத்தான் யாரும் பார்ப்பதில்லை. அதில் ஒரு பெயரோ, ஒரு கோட்டையோ இருக்கும். அந்தப் பெயர் வரைபடத்தில் எங்கே நிற்கிறது என்று கண்டுபிடித்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு புதிய உத்தரவு திரையில் வரும் ஒவ்வொரு முறையும் பாஸ் போட்டு மறுபடி பாருங்கள், ஏனென்றால் நிபந்தனைகள் பாதியில் மாறும். நேரம் குறித்த உத்தரவு வந்தால் கையிலிருக்கும் சண்டையை அப்படியே விட்டுவிட்டுக் குதிரையைக் கூப்பிடுங்கள். போகிற வழியில் நிற்கும் சிப்பாய்க் கூட்டத்தைக் குதிரையாலேயே பிளந்துகொண்டு போங்கள், இறங்கி அடிக்காதீர்கள். இரண்டு கூட்டத்தை "இதை மட்டும்" என்று அடித்தால் காப்பாற்ற வேண்டியவரின் உயிர்ப்பட்டை அதற்குள் காலியாகியிருக்கும்.

கனெகாசாகி கட்டத்தை எடுத்துக்கொள்வோம். 1570-ல் ஓடா நோபுநாகா எச்சிசென் நாட்டு அசகுராக்கள் மேல் படையெடுத்துப் போனார். முன்னேறிக்கொண்டிருக்கும்போதே அவர் தங்கை ஓஇச்சியின் கணவர் அஸாய் நாகமாசா முதுகுப்பக்கம் எதிரியாகிவிட்டார். நோபுநாகா படையைத் திருப்பிக்கொண்டு தப்பி ஓடினார், அவருடைய தளபதி ஹிதேயோஷி படையின் பின்புறக் காவலாக நின்று துரத்தியவர்களைத் தடுத்தார். ஆட்டத்திலும் அதே கதைதான். முதல் பாதியில் வேகவேகமாக வடக்கே போய் அசகுரா தளபதிகளைச் சாய்த்துக்கொண்டிருப்பீர்கள். நாகமாசா எதிரியானார் என்று அறிவிப்பு வந்த நொடியில் வெற்றி நிபந்தனை புரண்டுவிடும், இனி வேலை நோபுநாகாவை வெளியேற்றுவது. இங்கே தோற்பவர்கள் எல்லோரும் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள். அரைகுறை உயிரோடு நிற்கும் அசகுரா தளபதியை முடித்துவிட்டுத் திரும்பலாம் என்று நினைப்பார்கள். முடிக்காதீர்கள். திரும்பி வந்து நோபுநாகாவுக்குப் பின்னால் அல்ல, முன்னால் ஓடுங்கள். அவர் போகிற பாதையில் காத்திருப்பவர்களை அவர் வந்து சேர்வதற்குள் அகற்றினால்தான் அவர் நிற்காமல் நடப்பார். கணினி இயக்கும் தளபதிக்கு எதிரே ஆள் கண்ணில் பட்டால் நின்று சண்டை போடத் தோன்றும், அந்த நேரத்தில் பின்னால் வருபவர்கள் பிடித்துவிடுவார்கள். பாகத்துக்குப் பாகம் எதிரி நிற்கும் இடம் மாறும், இந்த ஓட்டம் மாறாது.

இந்தத் தொடரில் வரலாறு தெரிந்தவருக்குப் பாதி வழிகாட்டி கையிலேயே இருக்கிறது என்பது இதனால்தான். எந்தப் போரில் யார் கட்சி மாறினார், யார் தாமதமாக வந்தார், யார் ஓடினார் என்று தெரிந்தால் அடுத்த அறிவிப்பு எங்கிருந்து வரும் என்பதும் தெரிந்துவிடும்.

செகிகஹாரா, 1600. மாட்சுவோ மலைமேல் சுமார் 15,000 பேருடன் கொபாயகாவா ஹிதேஅகி நிற்பார். பெயருக்கு மேற்குப் படை, அதாவது டொகுகாவாவை எதிர்த்த இஷிதா மிட்சுனாரியின் பக்கம். நண்பகல் வாக்கில் கீழே இறங்கி மேற்குப் படையையே தாக்கினார், போர் அத்தோடு சாய்ந்தது. நீங்கள் இஷிதா மிட்சுனாரி பக்கம் ஆடினால், வரைபடத்தில் அந்த மலையில் இருக்கும் நீலப் புள்ளிகளை நட்பு என்று நம்பாதீர்கள். அவை எந்த நேரமும் சிவப்பாகலாம். பக்கத்தில் நிற்கும் ஓதானி யோஷிட்சுகுதான் முதலில் அடி வாங்குவார். டொகுகாவா பக்கம் ஆடினால் நேர் எதிர். மலை இறங்கும்வரை முன்னணியில் தாக்குப்பிடித்தால் போதும், தனியாக மிட்சுனாரியின் முகாமுக்குள் புகுந்து வீரம் காட்ட வேண்டியதில்லை.

மிகதாகஹாரா, 1573 ஜனவரி. டொகுகாவா பக்கம் ஆடுபவர்கள் எதிரித் தலைவர் தகேதா ஷிங்கெனைக் கொல்லப் பார்த்துத் திரும்பத் திரும்பத் தோற்பார்கள். உண்மையில் டொகுகாவா இயேயாசு இதில் படுதோல்வி அடைந்து ஹமமாட்சு கோட்டைக்கு ஓடினார். "பின்வாங்கு" என்று வந்தால் பின்வாங்குங்கள்.

நாகஷினோ, 1575. தகேதா பக்கம் ஆடும்போது மரவேலிக்குப் பின்னாலிருந்து துப்பாக்கிகள் சுடும். நேராகக் குதிரையை விட்டால் தகேதா குதிரைப்படைக்கு நேர்ந்ததே உங்களுக்கும் நேரும். பக்கவாட்டில் சுற்றிப் போய் முதலில் துப்பாக்கி வீரர்களை ஒழியுங்கள்.

"தோல்வி நிபந்தனையைப் படித்தேன், ஆனால் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் நெருப்பு"

நான்காம் பாகத்தில் சண்டைக்கு இரண்டு வீரர்களைக் கூட்டிக்கொண்டு போகிறீர்கள். ஒருவரை நீங்கள் இயக்க, மற்றவரைக் கணினி இயக்கும். எப்போது வேண்டுமானாலும் மாறிக்கொள்ளலாம். இதை இரண்டாவது உயிர் என்று மட்டும் எண்ணுவதுதான் பிழை. இரண்டு பேரையும் ஒரே இடத்தில் வைத்திருந்தால் மாறி என்ன பயன்? வரைபடத் திரையிலிருந்தே இரண்டாமவருக்குப் போகுமிடம் சொல்லலாம். ஒருவரைத் தாக்கும் முனைக்கும் இன்னொருவரைத் தோல்வி நிபந்தனையில் பெயர் இருக்கும் தளபதியின் பக்கத்துக்கும் அனுப்புங்கள். ஆபத்து என்று அறிவிப்பு வந்ததும் குதிரை தேட வேண்டாம், ஆளை மாற்றினால் அங்கேயே நிற்பீர்கள்.

கணினி கையில் விட்ட வீரர் எதிரித் தளபதியைத் தானே முடித்துவிடுவார் என்று எதிர்பார்க்காதீர்கள். போய்ச் சேர்வார், நிற்பார், கொஞ்சம் தாக்குப்பிடிப்பார். முடிப்பது உங்கள் வேலை.

"முக்கோணம் சிப்பாய்களை அள்ளுகிறது, தளபதியிடம் மட்டும் மோதித் தெறிக்கிறது"

இது பிழையே இல்லை, வடிவமைப்பே அப்படி. நான்காம் பாகத்தில் வந்த ஹைப்பர் அட்டாக், அதாவது முக்கோணத்தில் தொடங்கும் பாய்ச்சல், கூட்டத்தை விலக்குவதற்காக உருவானது. தளபதி அதைத் தடுத்தால் வாள் தெறித்து நீங்கள் ஒரு கணம் திறந்து நிற்பீர்கள். அந்த ஒரு கணத்தில்தான் கடினமான ஆட்ட நிலைகளில் பாதி உயிர் போகிறது.

கையைப் பழக்க வேண்டியது இவ்வளவுதான்: கூட்டம் என்றால் முக்கோணத்தில் தொடங்கு, தளபதி என்றால் சதுரத்தில் தொடங்கு. சதுரத்தைச் சில முறை அடித்துவிட்டு முக்கோணத்தில் முடித்தால் அது பாய்ச்சலாகாது, வழக்கமான பலத்த அடியாகும். எத்தனையாவது சதுரத்துக்குப் பிறகு முக்கோணம் என்பதைப் பொறுத்து எதிரியை மேலே தூக்குவதா, சுழற்றி எறிவதா என்பது மாறும். வீரருக்கு வீரர் இது வேறு. புது வீரரை எடுத்ததும் ஏதாவது ஓர் எளிய கட்டத்தில் ஒரு சதுரம் முக்கோணம், இரண்டு சதுரம் முக்கோணம், மூன்று சதுரம் முக்கோணம் என்று வரிசையாக அடித்துப் பாருங்கள். மேலே தூக்கும் அடி எது என்று கண்டுபிடித்துவிட்டால் அந்த வீரர் உங்களுக்கு வசப்பட்டுவிட்டார். தூக்கப்பட்ட தளபதியால் காற்றில் காவல் போட முடியாது.

நெருக்கத்தில் பார்த்தால் ஒரு தளபதிச் சண்டை இப்படிப் போகும். கூட்டத்துக்குள் முக்கோணத்தால் பாய்ந்து வழி செய்கிறீர்கள். தளபதியின் பெயரும் உயிர்ப்பட்டையும் தலைக்கு மேல் தெரியும் தூரம் வந்ததும் முக்கோணத்திலிருந்து கையை எடுக்கிறீர்கள். அவர் முதல் வீச்சை எல்1-ஐப் பிடித்துத் தடுக்கிறீர்கள். வீச்சுத் தொடர் முடிந்து ஆயுதம் திரும்பும் இடைவெளியில் சதுரம், சதுரம், முக்கோணம், ஆள் மேலே. விழுவதற்குள் இன்னும் இரண்டு அடி. விழுந்ததும் விலகி நில்லுங்கள், எழும்போது ஓங்கி வருவார். மறுபடி காவல். இந்தச் சுற்றிலேயே முசோ, அதாவது சிறப்புத் தாக்குதலுக்கான பட்டை நிரம்பும், வட்டத்தை அழுத்தி முடிக்கலாம்.

முசோ நிரம்பியதும் சிப்பாய்க் கூட்டத்தின் மேல் வட்டத்தை அழுத்துகிற பழக்கம் பலருக்கு உண்டு. பார்க்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் வீண். சிப்பாய்கள் சதுரத்துக்கே சாவார்கள். நான்காம் பாகத்தில் ஸ்பிரிட் பட்டையைச் செலவழித்து ரேஜ் நிலைக்குப் போய் அங்கிருந்து முசோ விட்டால் அதன் உச்ச வடிவம் வரும். அதைப் பெரிய பெயர்களுக்கு, ஹோண்டா தடகாட்சு போன்றவர்களுக்கு, எடுத்து வையுங்கள்.

ஐந்தாம் பாகத்தில் இதற்கு இன்னொரு மருந்து இருக்கிறது. ஆர்1-ஐப் பிடித்தபடி நான்கு முகப்பு பட்டன்களில் ஒன்றை அழுத்தினால் அல்டிமேட் ஸ்கில். நான்கையும் சண்டைக்கு முன்பே தேர்ந்தெடுத்து வைக்கலாம். அடித் தொடரின் நடுவிலேயே புகுத்தலாம் என்பதுதான் இதன் அருமை. தொடர் முடிந்து தளபதி கீழே விழப்போகும் நேரத்தில் ஒன்றைப் போட்டால் அவர் மறுபடி மேலே, தொடரை முதலிலிருந்து ஆரம்பிக்கலாம். நான்கு இடத்தையும் அடிக்கும் திறன்களாலேயே நிரப்பாமல் ஒன்றையாவது தற்காலிகமாக வலுக் கூட்டும் திறனுக்கு ஒதுக்குங்கள். பயன்படுத்தியபின் மறுபடி தயாராகச் சற்று நேரம் பிடிக்கும், அதனால் நான்கையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டுக் கைவிரித்து நிற்காதீர்கள்.

"டோகிச்சிரோவைக் காப்பாற்று என்கிறது. அப்படி ஒரு ஆளே இல்லையே?"

இருக்கிறார், வேறு பெயரில் உங்களுக்குத் தெரிந்தவர். இந்த ஆட்டங்கள் நடக்கும் செங்கோகு என்னும் உள்நாட்டுப் போர்க் காலத்து ஜப்பானியர்கள் வாழ்நாளில் பலமுறை பெயர் மாற்றிக்கொண்டார்கள், ஆட்டமும் அந்தந்த ஆண்டின் பெயரையே போடும். நோபுநாகாவின் இளமையில் தொடங்கும் ஐந்தாம் பாகத்தில் இந்தக் குழப்பம் அதிகம்.

கினோஷிதா டோகிச்சிரோ, 1573 முதல் ஹஷிபா, 1586 முதல் டொயொடோமி ஹிதேயோஷி, மூவரும் ஒருவரே. மாட்சுதைரா மோட்டோயாசு 1563-ல் இயேயாசு ஆனார், டொகுகாவா என்ற குடிப்பெயர் அதற்குப் பிறகு வந்தது. தகேதா ஹருநோபு என்றால் ஷிங்கென். நாகாவோ ககெதோரா என்றால் உஎசுகி கென்ஷின். இடப்பெயரிலும் இதே வேலை உண்டு: இனாபயாமா கோட்டையை நோபுநாகா 1567-ல் பிடித்தபின் அதுவே கிஃபு.

அறிவிப்பு வந்ததும் பெயரைத் தேடாதீர்கள், பக்கத்தில் வரும் முகப்படத்தைப் பாருங்கள். அல்லது பாஸ் போட்டு வரைபடத்தைத் திறந்தால் உத்தரவுக்குரிய ஆள் அடையாளமிட்டுத் தெரிவார்.

"கதவு திறக்கவில்லை"

கதவை அடித்துப் பயனில்லை. ஒன்று, அதைக் காக்கும் அதிகாரியோ பக்கத்து முகாம் தலைவரோ விழ வேண்டும். அல்லது கதை அந்த இடத்துக்கு இன்னும் வரவில்லை. பக்கத்தில் சிவப்பு அதிகாரி யாரும் இல்லையென்றால் இரண்டாவதுதான் காரணம். வேறெங்கோ ஓர் உத்தரவு பாக்கி இருக்கிறது.

"அடித்தால் உயிர்ப்பட்டை அசையவே இல்லை"

கடின நிலையைக் குறைப்பதில் வெட்கமில்லை. கட்டத்துக்குக் கட்டம் தொடங்கும் முன் நிலையை மாற்றலாம், ஒருமுறை எளிதில் வென்று அனுபவப்புள்ளி சேர்த்துக்கொண்டு திரும்பி வரலாம்.

ஆனால் ஐந்தாம் பாகத்தில் பெரும்பாலும் கோளாறு ஆயுதத்தில்தான் இருக்கும். அதில் எந்த வீரரும் எந்த வகை ஆயுதத்தையும் எடுக்கலாம். எடுக்கலாம் என்பதற்காக எல்லோரும் எடுத்துவிடுவார்கள். அந்த ஆயுதத்தில் அவருக்குப் பழக்கம் இல்லையென்றால் தேர்ச்சித் தரம் கீழே இருக்கும், அடியும் மெலிந்தே விழும். வீரருக்கு உரிய ஆயுதத்தோடு தொடங்குங்கள். வேறு ஆயுதம்தான் வேண்டுமென்றால் கோட்டையின் டோஜோ என்னும் பயிற்சிக் கூடத்தில் புள்ளிகளைச் செலவழித்துத் தேர்ச்சியை ஏற்றியபின் எடுங்கள். அதிகம் ஆடாத வீரரை மட்டத்துக்குக் கொண்டுவரவும் டோஜோதான் குறுக்குவழி. கட்டடங்களை மேம்படுத்தப் பொருள் போதவில்லை என்றால் சிட்டாடல் முறையில் இரண்டு மூன்று சுற்று ஆடுங்கள், பொருள் கிடைப்பது அங்கேதான்.

உயிர் தீர்ந்துகொண்டே வருகிறதா? பானைகளையும் பெட்டிகளையும் உடையுங்கள். ஓநிகிரி என்னும் சோற்றுருண்டை வந்தால் எடுத்துச் சாப்பிடலாம். உயிர் முழுதாக இருக்கும்போது பானைகளை உடைத்துத் தள்ளாமல் விட்டுவைத்தால் பிறகு திரும்பி வர ஓர் இடம் இருக்கும்.

"கண்ணெதிரே நின்ற சிப்பாய்கள் மறைகிறார்கள்"

கருவியால் ஒரே நேரத்தில் வரையக்கூடிய ஆட்களுக்கு ஒரு வரம்பு உண்டு. வரம்பு நிரம்பினால் தள்ளி நிற்பவர்கள் திரையிலிருந்து நீங்குவார்கள், இருப்பவர்கள் விழ விழப் புதியவர்கள் முளைப்பார்கள். திரையைப் பிளந்து இருவர் ஆடும்போது இது இன்னும் கண்ணுக்குத் தெரியும், இரண்டு காட்சிகளை வரைய வேண்டியிருக்கிறதே. சரிசெய்ய ஒன்றுமில்லை. தொலைவில் கூட்டத்தைத் தேடி ஓடாமல் இருக்கும் இடத்தைச் சுத்தம் செய்துகொண்டே நகர்ந்தால் போதும்.

"பிசியில் எல்லோரும் தண்ணீருக்குள் நடப்பதுபோல் நகர்கிறார்கள்"

இந்த நிறுவனத்தின் சில பழைய பிசி வடிவங்களில் ஆட்டத்தின் வேகம் ஃப்ரேமோடு கட்டப்பட்டது. நொடிக்கு 60 ஃப்ரேம் வராவிட்டால் படம் விட்டுவிட்டு வராது, முழு ஆட்டமும் மெதுவாகிவிடும். லேப்டாப்பில் முதலில் சந்தேகிக்க வேண்டியது, தனி கிராஃபிக்ஸ் சிப் இருந்தும் ஆட்டம் உள்ளிணைந்த சிப்பில் ஓடுகிறதா என்பது. விண்டோஸ் செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்ப்ளே, கிராஃபிக்ஸ் என்று போய் ஆட்டத்தின் கோப்பைச் சேர்த்து ஹை பெர்ஃபார்மன்ஸ் தேர்ந்தெடுங்கள். சார்ஜரைச் செருகி ஆடுங்கள். அதற்கும் அசையாவிட்டால் ஆட்டத்துக்குள் முதலில் நிழலைக் குறையுங்கள், பிறகு ரெசல்யூஷன். நிழல்தான் கூட்டக் காட்சிகளில் அதிகம் தின்னும்.

"சேவ் ஆகவில்லை"

பிசியில் சேவ் கோப்புகள் டாக்குமென்ட்ஸ் ஃபோல்டருக்குள் நிறுவனத்தின் பெயரிலேயே இருக்கும். விண்டோஸின் கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ் இயக்கத்தில் இருந்தால் தெரியாத செயலிகளை அங்கே எழுத விடாது. விண்டோஸ் செக்யூரிட்டியில் வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்‌ஷன், அதில் மேனேஜ் ரான்சம்வேர் புரொடெக்‌ஷன் என்று போய் ஆட்டத்தை அனுமதிப் பட்டியலில் சேருங்கள். பாதுகாப்பையே மொத்தமாக அணைத்துவிட வேண்டாம். டாக்குமென்ட்ஸ் ஒன்டிரைவோடு இணைந்திருந்தால் கோப்பு அந்தப் பாதையில் போய் உட்கார்ந்திருக்கும், தேடும்போது அங்கேயும் பாருங்கள். எதை மாற்றும் முன்பும் சேவ் ஃபோல்டரை அப்படியே வேறிடத்தில் நகலெடுத்து வையுங்கள்.

"ஒரு முறை அழுத்தினால் இரண்டு முறை விழுகிறது, அல்லது கன்ட்ரோலரே தெரியவில்லை"

கன்ட்ரோலரை ஸ்டீமும் ஆட்டமும் தனித்தனியாகப் படித்தால் இரட்டை அழுத்தம் வரும். ஸ்டீம் லைப்ரரியில் ஆட்டத்தின் மேல் வலது கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், கன்ட்ரோலர். இரட்டை அழுத்தம் வந்தால் ஸ்டீம் இன்புட்டை அணையுங்கள். பிளேஸ்டேஷன் கன்ட்ரோலர் தெரியவே இல்லையென்றால் அதே ஸ்டீம் இன்புட்டை இயக்குங்கள். ஆட்டத்தை மூடித் திறந்தால்தான் மாற்றம் ஏறும். தொடங்கியதும் ஆட்டம் மூடிக்கொள்கிறது என்பவர்கள் அதே ப்ராப்பர்ட்டீஸில் இன்ஸ்டால்டு ஃபைல்ஸ் பகுதிக்குப் போய் கோப்புகளைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

"எக்ஸ் அழுத்தினால் மெனு பின்னால் போகிறது"

இங்கே எக்ஸ் என்பது பிளேஸ்டேஷனின் பெருக்கல் குறி பட்டன். கையில் இருப்பது ஜப்பானியப் பதிப்பு. பிஎஸ்4 காலம்வரை அங்கே வட்டம்தான் சரி, எக்ஸ் என்றால் ரத்து. கன்ட்ரோலர் பழுது இல்லை.

"காசு கொடுத்து வாங்கிய உடைகள் ஆட்டத்தில் இல்லை"

பிளேஸ்டேஷனில் டிஎல்சி, அதாவது தனியாக வாங்கும் கூடுதல் உள்ளடக்கம், ஆட்டத்தின் பிராந்தியத்தோடு ஒத்துப்போக வேண்டும். ஜப்பானிய டிஸ்க்குக்கு அமெரிக்கக் கடையில் வாங்கிய உடை ஒட்டாது. டிஸ்க் எந்தப் பிராந்தியத்துடையது என்று உறை முதுகில் பார்த்துவிட்டு அந்தப் பிராந்தியக் கணக்கில் வாங்குங்கள்.

"பிஎஸ்2-வின் எக்ஸ்ட்ரீம் லெஜண்ட்ஸில் ஆட்கள் குறைவு, பழைய கட்டங்களையும் காணோம்"

டிஸ்க் கெட்டுப்போகவில்லை. அது தனி ஆட்டமல்ல, மூல ஆட்டத்தின் நீட்சி. புதிய வீரர்களும் புதிய கட்டங்களும்தான் அந்த டிஸ்க்கில் இருக்கும். மெனுவில் மிக்ஸ்ஜாய் என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள், மூல டிஸ்க்கைப் போடச் சொல்லும். போட்டால் பழைய வீரர்களும் கட்டங்களும் வந்து சேரும். ஒன்றாம் பாகத்தின் எக்ஸ்ட்ரீம் லெஜண்ட்ஸுக்கு ஒன்றாம் பாகத்தின் டிஸ்க், இரண்டுக்கு இரண்டு, இரண்டும் ஒரே பிராந்தியத்தைச் சேர்ந்தவையாக இருக்க வேண்டும்.